வியாழக்கிழமைப் படையல்

ஒக்டோபர் 8, புதன்

காலையிலிருந்து மூட்டம். மலை தெரியவில்லை. காலுறை காயவில்லை, ஈரத்தோடே போட்டுக்கொண்டு போனேன். நாள் முழுக்கக் கால் நாறுகிறதோ என்ற பயம்.

நாளை வியாழன். வியாழன் என்றால் பெரியவரின் ரவுண்ட். பெரியவர் என்பது எங்கள் வாட்டின் கன்சல்டன்ட். நேரில் 'சேர்', இங்கே பெரியவர். புதன் பின்னேரம் முழுக்க நானும் ரிஸ்னாவும் ஊசியும் போத்தலுமாகக் கட்டில் கட்டிலாகத் திரிவோம். (ரிஸ்னா என்னோடு இன்டர்ன் செய்கிறவள். பண்டாரவளையில் புடவைக்கடைக்காரர் மகள்.) யாருக்கு என்ன நோய் என்பது பெரிய விஷயமில்லை. பெரியவர் ஒரு ரிப்போர்ட்டைக் கேட்கும்போது 'இல்லை' என்ற சொல் வாயில் வரக்கூடாது. அதுதான் விஷயம்.

இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் படையல். நாங்கள் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான், ஆனால் ஹாலிஎலையில் எங்கள் வீட்டுக்கு மேலே முனியாண்டி கோவில். பார்த்தே வளர்ந்தேன். சாமி எதைக் கேட்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் சுருட்டு, சாராயம், கருவாடு, சேவல், எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான். ரத்தம், சலம் (சிறுநீர்), ஈ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே.

போன வியாழன் ரிஸ்னா வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. காலில் புண்ணோடு வந்த ஒருவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருக்கவில்லை. மாணவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, "நீ படித்தது மருத்துவமா, மாவரைப்பா?" என்றார் பெரியவர். கழிவறையில் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். அன்று பின்னேரமே வாட்டில் எல்லோருக்கும் எக்ஸ்ரே.

இன்று வந்தவர்களில் ஒருவர்: முத்துலெட்சுமி, வயது நாற்பத்தேழு. ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவு, மேல் கணக்கு என்பார்கள். கொழுந்து எடுக்கும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். கங்காணி பயந்துபோய் ஆட்டோ பிடித்து அனுப்பியிருக்கிறார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க அக்கா?"

"வெறும் சாயத்தண்ணி டொக்டர். மக மாசமா இருக்கா, தலப்பிரசவம். அவளுக்கு ஆக்கி வச்சிட்டு ஓடி வந்தேனா, நம்ம வாயில ஒன்னும் போடல. வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்கு நேரமாயிருச்சு."

ரத்தத்தில் சீனி கொஞ்சம் இறங்கியிருந்தது. பணிசும் பால் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். தின்று முடித்ததும் முகம் தெளிந்துவிட்டது. எங்கள் வாட்டு மேல் மாடியில். லிஃப்ட் வழக்கம்போலப் பழுது. கீழேயிருந்து படியேறி வரும்போது நான்தான் மூச்சு வாங்கினேன். அவர் மேலே நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "மலை ஏறுற காலு டொக்டர்."

வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டிய ஆள். "சாப்பிட்டுட்டு வேலைக்குப் போங்க" என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் வாட்டில் பெயர் பதிந்தாகிவிட்டது. பெயர் பதிந்தால் நாளை ரவுண்டில் அந்தக் கட்டிலின் முன்னாலும் பெரியவர் நிற்பார்.

பரிசோதனை கேட்கும் தாளில் எல்லாக் கட்டத்திலும், வேண்டும் என்று, கோடு போட்டேன். நெஞ்சு எக்ஸ்ரே உட்பட.

அம்மாவுக்கு ஃபோன் எடுக்க மறந்துவிட்டேன்.

ஒக்டோபர் 9, வியாழன்

மழை. ரவுண்ட்.

முத்துலெட்சுமியின் (இனி மு.லெ.) எக்ஸ்ரேயில் வலது பக்கம் மேலே சின்னதாக ஒரு நிழல். காலையிலேயே பார்த்துவிட்டேன். ஓடிப்போய்க் கேட்டேன்.

"ஆமா டொக்டர், கல்யாணத்துக்கு முன்ன காசம் வந்துச்சு. மருந்து முழுசாக் குடிச்சு சொகமாயிருச்சு. அப்பவே படத்துல தழும்பு இருக்குன்னாங்க. அந்தப் படம் வீட்ல ட்ரங்குப் பெட்டிக்குள்ள கெடக்கு."

காசத் தழும்பு. பார்த்தாலே தெரிகிறது. ஓரம் சுத்தம், உள்ளே சுண்ணாம்புப் பொட்டு. மூன்றாம் வருஷ மாணவனுக்கே தெரியும்.

பெரியவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். நான் வாயைத் திறந்தேன். "சேர், பழைய காசத் தழும்பு என்று நோயாளி சொல்கிறார்."

"நோயாளி சொல்கிறாரா? பழைய படம் எங்கே?"

"வீட்டில் இருக்கிறதாம் சேர்."

"அப்படியானால் நம்மிடம் இல்லை."

அவ்வளவுதான். அந்த 'இல்லை' எனக்கு நேரே வந்து விழுந்தது. மாணவர்கள் குறிப்பு எழுதினார்கள். பெரியவருக்கு அடுத்த டொக்டரான ரெஜிஸ்ட்ரார் நிலந்த உடனே, "சி.டி. எடுத்து, தேவைப்பட்டால் ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்போம் சேர்" என்றான். பெரியவர் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "எக்ஸ்ரே எடுத்தது நல்லது. குட்" என்றார்.

குட். இந்த ஆறு மாதத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் நல்ல சொல். சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதி வைக்கிறேன், பிறகு நான் மாற்றிச் சொல்லாமல் இருப்பதற்காக.

மு.லெ. கேட்டார்: "எப்ப டிக்கட் வெட்டி வீட்டுக்கு விடுவீங்க டொக்டர்? மகளுக்கு நாள் கிட்டத்துல. நான் இல்லாட்டி அவளுக்கு ஆளில்ல."

"ஒரு ஸ்கேன் மட்டும் அக்கா. அது முடிஞ்சதும் வெட்டிருவோம்."

ஒக்டோபர் 10, வெள்ளி

விடாமல் மழை. பெரகல சந்திக்குக் கிட்ட மண் சரிந்து பஸ் இல்லையாம்.

மு.லெ.யின் புருஷனுக்கு ஃபோன். பெயர் பெரியசாமி, கவ்வாத்து வெட்டுகிறவர். இரைச்சலில் பாதி கேட்கவில்லை. "அண்ணே, பொட்டிக்குள்ள உள்ள பழைய நெஞ்சுப் படத்த கொண்டாங்க. சுறுக்கா வேணும்." அவர்: "ரோட்டுல மண்ணு அள்ளுறாங்க டொக்டர். வழி விட்டதும் மொத பஸ்ஸுக்கு வாறேன். அவளுக்கு ஒன்னுமில்லையே?" ஒன்றுமில்லை என்றேன். அது உண்மை. அவருக்கு ஒன்றுமே இல்லை, அவருக்கு வந்திருக்கிற நோய் நாங்கள்தான்.

சி.டி. எடுத்தாயிற்று. அறிக்கையின் கடைசி வரி: 'பெரும்பாலும் பழைய தழும்பு. எனினும் வேறு எதையும் முற்றாக மறுக்க முடியாது.' அந்த 'எனினும்' யாருக்காக எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியும். எழுதியவருக்காக. அவருக்கும் ஒரு பெரியவர் இருப்பார்.

நிலந்தவிடம் போய்ச் சொன்னேன்: படம் வரும்வரை பொறுப்போமா? திங்கட்கிழமை ஊசிக்கு ஓர் இடம் இருக்கிறது, விட்டால் அடுத்த மாதம்தான் என்றான். பிறகு கொஞ்சம் தணிந்து, சிங்களத்தில் சொன்னான்: "சேர் முந்தி ஒரு இடத்தில் இப்படி ஒரு நிழலைத் தழும்பு என்று விட்டுவிட்டார். புற்றுநோயாகிவிட்டது. விசாரணை, பத்திரிகை எல்லாம் வந்தது. அந்த வீட்டு ஆட்கள் வாட்டுக்குள்ளேயே வந்து சட்டையைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு அவர் எதையும் விடுவதில்லை. நீ கவலைப்படாதே, ஊசிதானே."

அப்படியென்றால் பெரியவருக்கும் பயம். நான் பெரியவருக்குப் பயம், பெரியவர் அந்தச் செத்த ஆளுக்குப் பயம். இடையில் கட்டிலில் மு.லெ., பக்கத்துக் கட்டில்காரிக்குப் பேன் பார்த்துக்கொண்டு.

ஊசிக்கான சம்மதத் தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கியது நான்தான். அவர் என் பக்கத்து நோயாளி, தமிழில் சொல்வது என் வேலைதானே. அபாயங்களைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "நீங்க போடச் சொல்றீங்களா டொக்டர்?"

"பெரிய டொக்டர் சொல்றாரு அக்கா."

"நான் ஒங்களக் கேட்டேன்."

"போட்டா நல்லது" என்றேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

அரை நாள் லீவு. ஹாலிஎலை. வீட்டில் கோழிக்கறி, இடியப்பம். தூங்கிவிடுவேனோ என்று பயந்துகொண்டே சாப்பிட்டேன்.

அப்பா தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஆட்களுக்கு ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது என்பது அவருடைய ஒரே கேள்வி. மு.லெ. கதையைச் சொன்னேன், பெயர் சொல்லாமல். என்னைக் கடிந்துகொள்வார் என்று நினைத்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நம்ம ஆளுக்கு சி.டி. ஸ்கேனா? தோட்டத்து டிஸ்பென்சரியில எல்லா வருத்தத்துக்கும் ஒரே வெள்ள மாத்திரதான். என் தங்கச்சி நெஞ்சு நோவுதுன்னு மூனு தரம் போனா, தொட்டுக்கூடப் பாக்கல. நீ அங்க இருக்கிறதால நம்ம சனத்துக்கும் எல்லாம் பாக்கறாங்க. ஒன்னையும் விட்டுறாத மகள்."

இன்னொரு இடியப்பம் வைத்துக்கொண்டேன். என்னத்தைச் சொல்ல? நெஞ்சு நோவுக்குத் தொட்டுப் பார்க்காததும், பசி மயக்கத்துக்கு நெஞ்சில் ஊசி குத்துவதும் ஒரே வீட்டு இரண்டு வாசல் அப்பா என்றா?

ஆனால் ஒன்று உண்மை. கட்டங்களில் கோடு போடும்போது எனக்குள்ளும் அப்பாவின் குரல்தான் கேட்கிறது. பயம் பாதி, மற்றப் பாதி இது. எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் குறைந்துவிடக் கூடாது என்ற வெறி.

பின்னேரம் மழை விட்டது. ரயில் தாமதம். அம்மா கட்டிக் கொடுத்த கட்டா சம்பல் பையில் கொட்டிவிட்டது. ஸ்டெதஸ்கோப்பெல்லாம் வெங்காய மணம்.

ஒக்டோபர் 13, திங்கள்

காலை வெயில்.
ஊசி போட்டார்கள்.
சுவாசப்பையின் ஓரம் கிழிந்து காற்று வெளியே வந்துவிட்டது.

சிலருக்கு இப்படி ஆகும். புத்தகத்தில் இருக்கிறது. சம்மதத் தாளில் இருக்கிறது. நான்தான் வாசித்துக் காட்டினேன்.

வாட்டுக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் மூச்சுத் திணறல். உதடு நீலம். நிலந்த ஓடிவந்து விலா இடுக்கில் குழாய் ஏற்றினான். நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் இன்னும் தடம் இருக்கிறது. கொழுந்து கிள்ளுகிற விரல்கள், என்ன பலம்.

கட்டிலுக்குக் கீழே, குழாய் முடிகிற போத்தலில் தண்ணீர் குமிழ் விடுகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் குமிழ்.

திணறல் அடங்கியதும் முதல் கேள்வி: "இன்னைக்கு டிக்கட் வெட்ட மாட்டீங்கதானே டொக்டர்?"

ஒக்டோபர் 14, செவ்வாய்

பெரகலப் பாதை திறந்துவிட்டார்கள்.

பெரியசாமி வந்தார். கட்டியிருந்த சாரத்தில் முழங்கால்வரை சேறு. கக்கத்தில் பொலித்தீன் பையில் சுற்றிய பழைய படம். மனைவியின் விலாவில் குழாயைக் கண்டதும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். பிறகு படத்தை என்னிடம் நீட்டினார். "கேட்டீங்களே டொக்டர். கொஞ்சம் ஓரம் கரப்பான் தின்னுருச்சு."

ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். அதே இடம். அதே அளவு. அதே சுண்ணாம்புப் பொட்டு. அவ்வளவு வருஷமாக அங்கேயே பேசாமல் கிடந்திருக்கிறது.

"ஒதவுமாங்க?"

"ஒதவும் அண்ணே. நல்லவேளை கொண்டாந்தீங்க."

என்ன பேச்சு இது. எந்த வாயால் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒரு நாள். ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால். அடுத்த மாத ஊசி வரைக்கும் பொறுத்திருந்தாலும் எந்தக் குடியும் முழுகியிருக்காது.

படத்தை டிக்கட்டோடு, அதாவது அவருடைய நோய்க்குறிப்புத் தாளோடு, சேர்த்து வைத்தேன். நிலந்த பார்த்துவிட்டு, "ஓ" என்றான். அவ்வளவுதான் அவனுடைய பங்கு.

கன்டீனில் பருப்பு தீர்ந்துவிட்டது. பாணும் சம்பலும்.

ஒக்டோபர் 16, வியாழன்

ரவுண்ட். தூறல்.

நேற்றைய படையலில் ரிஸ்னா ஒரு வேலை செய்தாள். தன் பக்கத்தில் வந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு, வெறும் தடிமல் காய்ச்சல், ஒரு கட்டத்திலும் கோடு போடவில்லை. "என்ட பக்கத்தில ஒரு ஆளையாவது சும்மா உட்டுப் பாக்கப் போறன்" என்றாள். "எங்கட வாப்பா கடையில மொகம் துடைக்கிற கைலேஞ்சி வாங்க வந்தவங்களுக்கு ரோல் ரோலா புடவைய விரிச்சிக் காட்டுவாரு. அதத்தான் நாம இங்க செய்றோம். ஒரே வித்தியாசம், அங்க விரிச்சதத் திரும்பச் சுத்தி வைக்கலாம்."

ரவுண்டில் பெரியவர் அந்தக் கட்டிலுக்கு வந்தார். "ரத்தம்?" "எடுக்கவில்லை சேர், தேவை என்று நினைக்கவில்லை." எல்லோரும் தரையைப் பார்த்தோம். பெரியவர் சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசம். "நினைப்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது மகள். முதலில் செய்யப் பழகு" என்றார். ரவுண்ட் முடியும் முன்பே நிலந்த அந்தப் பிள்ளைக்கு எல்லாவற்றுக்கும் கோடு போட்டுவிட்டான். எக்ஸ்ரே உட்பட. ரிஸ்னாதான் ரத்தம் எடுத்தாள். பிள்ளை கத்திய கத்து கீழ்மாடிவரை கேட்டிருக்கும்.

வருஷக் கடைசியில் பெரியவர் கையெழுத்து வைக்காவிட்டால் நாங்கள் டொக்டரே இல்லை. இது ரிஸ்னாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தக் கையெழுத்துக்கும் தெரியும்.

மு.லெ. கட்டில். பழைய படத்தைக் காட்டினேன். பெரியவர் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து நிறைய நேரம் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று காத்து நின்றேன். சொன்னார். மாணவர்கள் பக்கம் திரும்பி: "பழைய படம் ஒத்துப்போகிறது. துணுக்கு முடிவும் வரட்டும். இப்போது நாம் உறுதியாகச் சொல்லலாம் அல்லவா? ஊகத்துக்கும் உறுதிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்."

உறுதி கீழே போத்தலில் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

ஒக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு முந்திய சனி. வாட்டில் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் டிக்கட் வெட்டச் சொல்லி நிற்கிறார்கள். வாசலில் யாரோ: "கை முறிஞ்சாலும் பரவாயில்ல டொக்டர், பண்டிகைக்கு லயத்து வீட்டுல இருக்கணும்."

துணுக்கு முடிவு: பழைய காசத் தழும்பு. வேறொன்றுமில்லை.

மு.லெ.யிடம் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார். "ஏதோ பெருசா இருக்குமோன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன். இப்பதான் நிம்மதி." அந்தப் பெரிசு அவர் தலைக்குள் வந்ததே எங்களால்தான். நாங்கள் கொடுத்த பயத்தை நாங்களே எடுத்துவிட்டதற்குக் கும்பிடு.

மத்தியானம் பெரியசாமியின் ஃபோன். மகளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. பெண். நேற்று இரவு திடீரென்று வலி கண்டு, பக்கத்து லயத்து அம்மா ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு பேரும் சுகம். ஸ்பீக்கரில் போட்டு மு.லெ. காதில் வைத்தேன். மகள் பேசவில்லை, அழுதாள். "அம்மா, ஒன்னயத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்."

மு.லெ. ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூச்சு பத்தவில்லை. என் கையைத் தட்டி, நீ சொல்லு என்று சைகை. நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை.

சுத்தத் துணி அறைக்குள் போய் நின்று அழுதேன். ரிஸ்னா வந்து பக்கத்தில் நின்றாள். வெட்கமாக இருக்கிறது. வெட்கம் என்றால் சும்மா இல்லை, முகத்தைக் கழற்றி வைக்க முடிந்தால் வைத்துவிடுவேன்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வாட்டில் பாதிக் கட்டில் காலி. டவுன் பக்கம் வெடிச் சத்தம்.

செய்ய வேண்டியவை:
புதுக் காலுறை
அம்மாவுக்கு ஃபோன்
மு.லெ. விலாவில் குழாய் ஏறிய இடத்தைப் பார்ப்பது. சிவந்திருக்கிறதா?
குடை (பஸ்ஸில் விட்டுவிட்டேன்)

பார்த்தேன். சிவந்திருக்கிறது.

ஒக்டோபர் 25, சனி

மு.லெ.க்குக் காய்ச்சல். குழாய் ஏறிய இடத்தில் சீழ். மருந்து மாற்றியாயிற்று. அந்த மருந்துக்கு வாந்தி. வாந்திக்கு இன்னொரு மருந்து. வாந்தியில் உப்புக் குறைகிறதா என்று பார்க்கத் தினமும் ரத்தம். இது எல்லாமே தேவையானதுதான் இப்போது. அதுதான் இதில் உள்ள விசேஷம். முதல் கோடு ஒன்றுதான் தேவையில்லாதது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொன்றும் நியாயமானது. எந்த விசாரணைக்கு வந்தாலும் நான் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாம் தரம் குத்தும்போது அவர் சொன்னார்: "பரவாயில்ல பிள்ள, மெதுவா பாருங்க." இப்போது டொக்டர் இல்லை, பிள்ளை.

நவம்பர் 3, திங்கள்

பனி. கை விறைக்கிறது.

ஒருவழியாக டிக்கட் வெட்டியாயிற்று. சுவாசப்பை முழுக்க விரியவில்லை. ஓரம் ஒட்டிக்கொண்டுவிட்டது. நாளாக நாளாகக் கொஞ்சம் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: 'பாரம் தூக்கக் கூடாது. மேடு ஏறக் கூடாது. இலகுவான வேலை மட்டும்.'

பெரியசாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசித்துக் காட்டினேன். "மேடு ஏறாமயா?" என்றார். கோபமில்லை, விளங்கவில்லை. அவர்கள் லயமே மேட்டில்தான். கொழுந்து மலையும் மேட்டில். அந்தத் தோட்டத்தில் சமதரை என்று இருப்பது துரை பங்களாவின் புல்தரைதான்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து வாய்க்குள் வைத்திருந்தேன். "அண்ணே, ஒன்னு சொல்லணும். அந்த ஊசி போட்டிருக்கத் தேவையில்ல. அக்காவுக்குப் பசி மயக்கம் மட்டும்தான். நான்தான்..."

முடிக்கவிடவில்லை. "அப்புடிச் சொல்லாதீங்க டொக்டர். எங்க சாதி சனத்துல யாருக்கு இவ்வளவு பாத்திருக்காங்க? ஸ்கேனு என்ன, ஊசி என்ன, தெனம் ரத்தம் என்ன. எங்கம்மா இதே நெஞ்சு வருத்தத்துல செத்துச்சு, என்ன நோவுன்னுகூட யாரும் சொல்லல. நீங்க இருந்ததாலதான் இவளுக்கு எல்லாம் நடந்துச்சு. லயத்துல எல்லார்க்கிட்டயும் சொல்லியிருக்கேன், அங்க நம்ம பிள்ள ஒன்னு இருக்கு, போனா ஒன்னும் விடாம பாக்கும்னு."

பை நிறையத் தோடம்பழம். வீட்டு மரத்தில் பறித்தது.

மு.லெ. படியிறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று இறங்கினார். மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே போனதும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். கையசைக்கவில்லை, ஒரு கை விலாவில், மற்றது கம்பியில்.

தோடம்பழம் நல்ல இனிப்பு. அதுவும் பொறுக்கவில்லை. ரிஸ்னாவுக்கும் நேர்ஸ் மிஸ்மாருக்கும் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

மாதாந்தக் கூட்டம். பெரியவர் மு.லெ.யின் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினார். தலைப்பு: சந்தேக நிழலை முறைப்படி அணுகுதல். குழாய், சீழ் எல்லாம் 'அறியப்பட்ட பின்விளைவு' என்று ஒரு வரி. கடைசியில், "ஆரம்பத்திலேயே எக்ஸ்ரே எடுக்க நினைத்த இன்டர்னைப் பாராட்டுகிறேன்." கை தட்டினார்கள். எழுந்து நின்றேன். ரிஸ்னா கை தட்டவில்லை. மேசைக்குக் கீழே என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கையெழுத்து நிச்சயம்.

இனிமேல் ஒரு ஆளுக்காவது, ஒரே ஒரு ஆளுக்காவது, தேவையில்லாத கோடு போடமாட்டேன். ரிஸ்னா மாதிரி நிற்பேன். ஏச்சு வாங்கினால் வாங்குவது. எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 12, புதன்

மழை இருட்டு. விளக்குப் போட்டுத்தான் வேலை. புதுக் காலுறை வாங்கியும் நனைந்துவிட்டது.

நாளை ரவுண்ட். பின்னேரம் வாட்டு வாசலில் பெரியசாமி. பின்னால் ஒரு இளம்பெண், முகம் வெளிறி, சுவரைப் பிடித்துக்கொண்டு.

"மகதான் டொக்டர். காலையில தல சுத்தி விழுந்துட்டா. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகவே இல்ல, நேரா ஒங்ககிட்டயே கூட்டியாந்துட்டேன்."

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். இல்லை. பிள்ளை இரவெல்லாம் தூங்கவில்லை, பால் கேட்டு அழுகை. அம்மாவால் முன்போல எழுந்து பார்க்க முடியவில்லை. விடிந்ததும் அடுப்பு மூட்டுவதற்குள் விழுந்துவிட்டாள்.

"அக்கா எங்க?"

"கீழ பெஞ்சில உக்காந்திருக்கா, பிள்ளைய வச்சிக்கிட்டு. படி ஏற முடியலையாம். நான் மேல ஏறி வரயில ஒரே சொல்தான் சொன்னா. எனக்குப் பாத்த மாதிரியே இவளுக்கும் எல்லாம் பாக்கச் சொல்லு, ஒன்னும் விட வேணாம்னு சொல்லு, அந்த டொக்டர் பிள்ளைக்குத் தெரியும்னு."

பணிசும் பால் தேத்தண்ணியும் வரச் சொன்னேன். தின்றாள். முகம் தெளிந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, ரத்தம் குறைந்திருக்கிறதா என்று மட்டும் ஒரு தரம் பார்த்தால் போதும். அதற்கு நியாயம் உண்டு. மற்றது எதற்கும் இல்லை. தாளை எடுத்தேன். அந்த ஒரு கட்டத்தில் கோடு போட்டேன். பேனாவை மூடினேன்.

பெரியசாமி பார்த்துக்கொண்டே நின்றார். "அவ்வளவுதானா டொக்டர்?" முகம் விழுந்துவிட்டது. "இவ அம்மாவுக்கு நெறைய எழுதினீங்களே."

நிலந்த அந்தப் பக்கமாகப் போகும்போது தாளை எட்டிப் பார்த்து, "நாளைக்கு வியாழன்" என்றான்.

பேனாவைத் திறந்தேன். ஈரல். சிறுநீரகம். சலம். ஈ.சி.ஜி. பெரியசாமியின் முகம் மலர்ந்தது. கீழேயிருந்து பிள்ளை அழுகிற சத்தம், மு.லெ. தாலாட்டுகிற சத்தம், நடுவில் மூச்சுக்கு நிற்கிற சத்தம். பேனா கடைசிக் கட்டத்துக்கு வந்தது.

நெஞ்சு எக்ஸ்ரே